ரெண்டு பிரேக்குக்கும் ஒரே கம்பி

எங்க பெரியம்மா கூட நீங்க பஸ்ல போனதில்ல. போயிருந்தா மறந்திருக்க மாட்டீங்க. டிரைவர் பாட்டுக்கு முன்னாடி உக்காந்து ஓட்டிட்டிருப்பார். இவங்க பதினோராவது வரிசையில உக்காந்து வலது காலால தரையை அழுத்திட்டே வருவாங்க. சிக்னல் வந்தா ஒரு அழுத்து, நாய் குறுக்க வந்தா ஒரு அழுத்து. ஒரு தடவை சினிமா பாக்கப் போனோம். திரையில ஒரு கார் பள்ளத்தைப் பாத்துப் போகுது, இவங்க விட்டாங்க பாருங்க ஒரு மிதி, முன் சீட்காரர் கையில இருந்த பாப்கார்ன் மொத்தமும் அவர் தலையில. அவர் திரும்பிப் பாத்தார். "தப்பிச்சீங்க சார்"னு சொல்லிட்டு பெரியம்மா படத்தைப் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க.

காரணம் இருக்கு. பத்தொம்பது வருஷமா டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக்கொடுக்கறாங்க. அந்த கார்ல டிரைவர் சீட்ல இருக்கற மாதிரியே பக்கத்து சீட்லயும் ஒரு பிரேக் இருக்கும். நடுவுல ஒரு கம்பி ஓடும். பெரியம்மா இந்தப் பக்கம் அழுத்தினா கத்துக்கறவங்க காலுக்குக் கீழ இருக்கற பிரேக்கும் தானா இறங்கும். அவங்க அழுத்தினா இவங்களோடதும் இறங்கும். சின்ன வயசுல நான் அந்த கார்ல கீழ படுத்து இதைக் கையால அழுத்தி அழுத்திப் பாத்திருக்கேன். அந்தக் கம்பியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருது.

ஸ்கூல்ல அவங்களுக்குப் பேரு பிரேக்கக்கா. முதல் நாள் வர்றவங்க எல்லாருக்கும் கை நடுங்கும் இல்லையா, அவங்ககிட்ட இவங்க சொல்ற முதல் வார்த்தையே, "பயப்படாம ஓட்டுங்க. உங்க உயிரு என் செருப்புக்கு அடியில பத்திரமா இருக்கு." அவ்வளவுதான், ஆளு சிரிச்சிடும், கை நின்னுடும்.

லைசென்ஸ் வாங்கினவங்க சும்மா போக மாட்டாங்க. ஒரு டப்பா சாக்லேட், இல்லைன்னா கேக்கு, இல்லைன்னா அரை டஜன் கிரீம் பன் குடுத்துட்டுத்தான் போவாங்க. பெரியம்மா அதை டேஷ்போர்டு டப்பாவுல போட்டு வெச்சுக்குவாங்க. ஒரு கிளாஸுக்கும் அடுத்த கிளாஸுக்கும் நடுவுல ஒன்னு. காலையில ஆறு மணிக்கு ஏறினா சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உக்காந்த இடம். நடக்கறதுன்னா காரைச் சுத்தி ஒரு ரவுண்டு, டயர்ல காத்து இருக்கான்னு பாக்கறதுக்கு.

போன வருஷம் பாதியில இருந்து பெரியம்மா மாற ஆரம்பிச்சாங்க. யாருக்கும் சட்டுனு தெரியல. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டாமயே படுத்துக்குவாங்க. என்னன்னு கேட்டா "அசதி"ம்பாங்க. அந்த அசதி தூங்கினாலும் போகல. ஃபோன் அடிச்சா எடுக்கறதில்ல. பெரியப்பா, "வாத்தியாரம்மா இன்னைக்கு எத்தனை பேரைக் காப்பாத்தினாங்க?"னு வழக்கமா கேக்கற கேள்வியைக் கேட்டா, "ம்"னு மட்டும் சொல்லிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்குவாங்க. நாங்க வயசுன்னு நினைச்சோம், வெயில்னு நினைச்சோம். எனக்கு ஒரு நாள் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவங்க கூட பஸ்ல போயிட்டிருந்தேன். டிரைவர் பயங்கரமா ஒரு பிரேக் போட்டார், எல்லாரும் முன்னாடி போய் விழுந்தோம். நான் பெரியம்மாவோட காலைப் பாத்தேன். அது சும்மா இருந்துச்சு.

அந்த சமயத்துலதான் மெடிக்கல் ஃபாரம் வந்துச்சு. ஓட்டக் கத்துக்கொடுக்கறவங்க எல்லாரும் வருஷா வருஷம் உடம்பைக் காட்டி, டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கி ஸ்கூல்ல குடுக்கணும். கையெழுத்து இல்லைன்னா அந்த சீட் இல்ல. ரத்தம் எடுத்தாங்க, வயித்துல ஜெல்லு தடவி ஸ்கேன் எடுத்தாங்க. ரிப்போர்ட்டை வாங்கிப் பாத்தா ஃபேட்டி லிவர், கிரேடு டூ. கல்லீரல்ல கொழுப்பு சேந்திருக்கு. ரிப்போர்ட்டோட டாக்டரைப் போய்ப் பாத்தாத்தான் கையெழுத்து.

பெரியம்மா டாக்டரைப் பாக்கவே போகல. வீட்டுல வந்து "எல்லாம் நார்மல்"னுட்டாங்க. ஸ்கூல்ல ஃபாரம் கேட்டா, "நாளைக்குத் தர்றேன்"னு தள்ளிட்டே வந்தாங்க.

ஏன்னு இப்ப சொல்றாங்க. "லிவர் கெட்டுப்போச்சுன்னா ஊரு என்ன சொல்லும்? குடிக்கிறான்னு சொல்லும். கடையில வேலை பாக்கறவன்னா பரவால்ல. நான் அடுத்தவங்க உயிரைச் செருப்புக்கு அடியில வெச்சிருக்கறவ. குடிக்கிறவ பக்கத்துல உக்காந்து யாருடி ஓட்டக் கத்துக்குவாங்க?" பெரியம்மா வாழ்க்கையில ஒரு சொட்டு தொட்டதில்ல. ஆனா அந்த ரிப்போர்ட்டைப் பாத்ததுல இருந்து, என்னமோ நிஜமாவே குடிச்சு மாட்டிக்கிட்ட மாதிரி ஒரு குத்த உணர்ச்சி. நம்மளே தின்னுதின்னு வர வெச்சோம்னு ஒரு வெக்கம். வெக்கத்துல என்ன பண்ணுவாங்க? காரை ஒரு மரத்தடியில நிறுத்தி, கண்ணாடியை ஏத்திட்டு, இன்னும் ரெண்டு கிரீம் பன். ரிப்போர்ட்டை எங்க ஒளிச்சு வெச்சாங்க தெரியுமா? கார் பேப்பர் எல்லாம் இருக்கற கவருக்குள்ள. அதை யாரு பாக்கப் போறாங்கன்னு.

இங்கதான் எங்க பெரியப்பா வர்றார். அவருக்கு ஜெராக்ஸ் கடை, லேமினேஷனும் உண்டு. அந்த மெஷின் மேல அவருக்கு ஒரு தனிப் பாசம். வீட்டுக்குள்ள எந்தப் பேப்பர் வந்தாலும் பிளாஸ்டிக்குக்குள்ள போயிடும். வாஷிங் மெஷின் வாரண்டி, என்னோட பத்தாம் கிளாஸ் மார்க் ஷீட், எல்லாம் பளபளன்னு இருக்கும். ஒரு தடவை தெரியாம மளிகை லிஸ்ட்டை லேமினேட் பண்ணிட்டார். வீணாக்கக் கூடாதுன்னு மூணு வருஷமா அதே லிஸ்ட்டைத்தான் வாங்கிட்டிருக்கோம்.

ஸ்கூல் கார் ராத்திரி எங்க வீட்டு வாசல்லதான் நிக்கும். அவர் ஒரு நாள் கார் பேப்பர்லாம் ஓரம் கிழிஞ்சு கிடக்குன்னு கவரோட எடுத்துட்டுப் போனார். எதையும் படிக்க மாட்டார். ஊரு பேப்பர் எல்லாம் கைக்கு வர்றதால, அடுத்தவங்க விஷயத்தைப் படிக்கக் கூடாதுன்னு ஒரு கொள்கை. வரிசையா மெஷினுக்குள்ள விட்டு, வரிசையா எடுத்து, கவரைத் திரும்ப கார்ல வெச்சிட்டார். பெரியம்மா அதுக்கப்புறம் அந்தக் கவரைத் தொடவே இல்ல.

இப்ப டெய்லரைப் பத்திச் சொல்லணும். அறுபத்திரெண்டு வயசு. மக வேற ஊருக்குப் போறப்ப தன்னோட பழைய காரை அப்பாவுக்குக் குடுத்துட்டுப் போயிட்டா. அவர் அதுக்கு ஒரு உறை தெச்சுப் போட்டிருக்கார், பித்தான், காஜா, பக்கத்துல ரெண்டு பாக்கெட்டோட. ஓட்டத்தான் தெரியாது. டெஸ்ட்ல மூணு தடவை ஃபெயில். நாப்பத்தியொரு வருஷம் மிதி மெஷின்ல தெச்ச கால் அது. ஆக்சிலேட்டர்ல வெச்சா தையல் போட ஆரம்பிச்சிடும். மிதிக்கும், விடும், மிதிக்கும், விடும். கார் தவளை மாதிரி போகும். அவருக்குத் தெரியவும் தெரியாது. "ரோடு சரியில்லம்மா"ம்பார்.

"அண்ணே, ரோடு நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் ரோட்டுக்கு ஓரம் அடிக்கிறீங்க"ன்னு பெரியம்மா சொல்லுவாங்க. அதெல்லாம் முன்னாடி. அந்த மாசம் அவங்க ஒன்னுமே சொல்றதில்ல. "லெஃப்ட்", "ரைட்டு", அவ்வளவுதான்.

டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப, காலையில எட்டு மணிக்கு, ஒரு கட்டடம் கட்டற இடத்துக்கிட்ட டெய்லர் திருப்பினார். ரோட்டோரம் ஒரு மணல் குவியல். கார் தையல் போட்டுட்டே அதைப் பாத்துப் போகுது. டெய்லர் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடிச்சிட்டிருக்கார், பிரேக் மேடம்கிட்ட இருக்குங்கற நம்பிக்கையில. கார் போய் மணல்ல ஏறி, மூக்கை மேல தூக்கிட்டு நின்னுச்சு. யாருக்கும் ஒன்னும் ஆகல. வேலை செய்யறவர் ஒருத்தர் மம்பட்டியோட வந்து, "இங்கயா பார்க் பண்றீங்க?"னு கேட்டார்.

பெரியம்மாவுக்கு முகமே இல்ல. "பாத்தேண்டி. மணல் வருது வருதுன்னு தெரிஞ்சுது. கால் எந்திரிக்கல. வேண்டாம்னு இல்ல, முடியாதுன்னும் இல்ல. என்னமோ தூரத்துல யாருக்கோ நடக்கற மாதிரி இருந்துச்சு." இதை என்கிட்ட சொன்னப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. சினிமா காருக்குப் பிரேக் போட்ட கால் அது.

அன்னைக்கே டெய்லர்கிட்ட சொல்லிட்டாங்க. "அண்ணே, உங்க டெஸ்ட் வரைக்கும் வர்றேன். அதுக்கப்புறம் நான் இந்த சீட்ல உக்காரப் போறதில்ல." அவர் மணலைத் தட்டிவிட்டுட்டு, "அப்படின்னா நான் ஃபெயிலாகிட்டே இருக்கேன்"னார்.

டெஸ்ட் நாள். நான் அங்க இல்ல. டெய்லர் ஒரு மாதிரி சொல்றார், பெரியம்மா ஒரு மாதிரி சொல்றாங்க, ரெண்டையும் ஒட்ட வெச்சு எழுதறேன். கிரவுண்டுல வரிசையா இருபது வண்டி. டெஸ்ட் எடுக்கற அதிகாரி சிரிக்கவே மாட்டாராம், அழுத்தமான ஆளு. ஜன்னல்கிட்ட வந்து, "வண்டிப் பேப்பர்"னார். பெரியம்மா ரிப்போர்ட் ஞாபகமே இல்லாம கவரை நீட்டினாங்க. அவர் ஒவ்வொன்னா எடுத்து சத்தமா படிக்கற பழக்கம் உள்ளவர்.

"இன்சூரன்ஸ். சரி. ரெஜிஸ்ட்ரேஷன். சரி." அடுத்ததை எடுத்தார். "ஃபேட்டி லிவர், கிரேடு டூ. பித்தப்பை நார்மல். மண்ணீரல் நார்மல்." நிமிந்து காரை ஒரு தடவை முன்னாலயும் பின்னாலயும் பாத்தார். "இந்த வண்டிக்குப் பித்தப்பை இருக்கா?"

பெரியம்மா எட்டிப் பாத்தாங்க. பளபளன்னு பிளாஸ்டிக்குல மின்னுது அவங்க கல்லீரல். வாயில வந்தது ஒன்னே ஒன்னு. "சார், நான் குடிக்கிறது இல்ல."

இருபது வண்டியும் திரும்பிப் பாத்துச்சு.

"நான் கேக்கலையே"ன்னார் அதிகாரி. பேப்பரை கவர்ல போட்டுத் திருப்பிக் குடுத்தார். "லேமினேஷன் சுத்தமா இருக்கு. எங்க பண்ணீங்க?"

பெரியம்மா இறங்கி ஓரமாப் போய் நின்னுட்டாங்க. டெஸ்ட் எடுக்கறப்ப அந்த சீட்ல அதிகாரிதான் உக்காருவார். டெய்லர் ஸ்டார்ட் பண்ணினார். அவர் சொல்றதைக் கேளுங்க. "எனக்கு ரோடே தெரியலம்மா. இந்தப் பொண்ணு இத்தனை நாளா இதை வெச்சுக்கிட்டா மருகிட்டிருந்துச்சுன்னு அதே யோசனை. திருப்புன்னா திருப்பினேன், நிறுத்துன்னா நிறுத்தினேன். எனக்கும் கிரேடு ஒன்னு இருக்குன்னு அது தெரிஞ்சுக்கணுமேன்னு நினைச்சிட்டே ரிவர்ஸ் எடுத்தேன்." மனசு வேற எங்கயோ இருந்ததால கால் தையல் போட மறந்துடுச்சு. கார் வழுக்கிட்டுப் போச்சாம். அதிகாரி இறங்கி, "பாஸ்"னார். டெய்லர், "சரி சார்"னு சொல்லிட்டு, அதைக் காதுல கூட வாங்காம நேரா பெரியம்மாகிட்ட ஓடினார்.

"எனக்கும் இருக்கும்மா. கிரேடு ஒன்னு. எட்டு வருஷமா."

பெரியம்மா அவரை ஏற இறங்கப் பாத்தாங்க. "நீங்க குடிப்பீங்களா அண்ணே?"

"டீ குடிப்பேன். ஒரு நாளைக்கு ஒம்பது. ஒவ்வொன்னுலயும் மூணு ஸ்பூன் சக்கரை. இப்ப ரெண்டு டீயா ஆக்கிட்டாங்க அந்த டாக்டரம்மா. வாங்க போலாம்."

"எங்க?"

"அவங்ககிட்டதான். நான் ஓட்டறேன். பிரேக் உங்ககிட்ட இருக்கட்டும்."

போற வழியில பெரியப்பாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லியாச்சு. இவங்க கிளினிக் போய்ச் சேர்றதுக்குள்ள அவர் கடையைக் கூட மூடாம ஓடி வந்து வாசல்ல நிக்கறார். என்னையும் வரச் சொல்லிட்டார். நாலு பேரும் டாக்டர் ரூமுக்குள்ள. டெய்லர் எதுக்கு உள்ள வந்தார்னு யாரும் கேக்கல, அவர்கிட்டதான் கார் சாவி இருந்துச்சு.

டாக்டரம்மா ரிப்போர்ட் மேலயே என்னமோ குறிக்கப் போனாங்க. பேனா வழுக்கிடுச்சு. இன்னொரு பேனா எடுத்தாங்க. அதுவும் வழுக்கிடுச்சு. "யாரு இந்த வேலை பண்ணது?"

பெரியப்பா ஸ்கூல் பையன் மாதிரி கையைத் தூக்கினார். "நான்தாங்க. என் கையாலதான் உள்ள விட்டேன், வெளிய எடுத்தேன். ஓரம் நேரா இருக்கான்னு கூடப் பாத்தேன். படிக்கல." தூக்கின கையை இறக்கினார். "அடுத்தவங்க பேப்பரைப் படிக்கக் கூடாதுன்னு இருந்தேன். பொண்டாட்டி எப்ப எனக்கு அடுத்தவங்க ஆனா?"

பெரியம்மா அவர் பக்கம் திரும்பல. ஆனா கை மட்டும் போய் அவர் சட்டை நுனியைப் பிடிச்சுக்கிச்சு. நான் பாத்தேன்.

டாக்டரம்மா கல்லீரலைப் பத்தி முதல்ல ஒன்னும் பேசல. "சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என்ன பண்ணுவீங்க?"னு கேட்டாங்க.

"படுத்துக்குவேன்."

"தூங்குவீங்களா?"

"இல்ல. சுவத்தைப் பாத்துட்டிருப்பேன்."

"கடைசியா எப்பச் சிரிச்சீங்க?"

பெரியம்மா யோசிச்சாங்க. டெய்லர்தான் பதில் சொன்னார். "மூணு மாசம் முன்னாடி. நான் வைப்பர் போடப் போய் ஹாரன் அடிச்சேன், ஒரு போலீஸ்காரர் சல்யூட் அடிச்சார்."

அப்பத்தான் பெரியம்மாவுக்குக் கண்ணு ரொம்பிச்சு. மணல்ல ஏறின கதையையும் சொல்லி அழுது முடிக்கற வரைக்கும் டாக்டரம்மா அவசரப்படுத்தல. அப்புறம் சொன்னாங்க. கல்லீரல்ல கொழுப்பு சேர்றதுக்குக் குடிதான் காரணமா இருக்கணும்னு ஒன்னுமில்ல. உக்காந்தே பாக்கற வேலை, இனிப்பு, எடை, சக்கரை வியாதி, இப்படிப் பல வழி. இது இருக்கறவங்ககிட்ட மனச்சோர்வும் பதட்டமும் நிறைய பாக்கறோம். மனச்சோர்வு இருக்கறவங்களுக்கு நடக்கத் தோணாது, கண்டதைத் தின்னத் தோணும், அதனால கொழுப்பு ஏறும். கொழுப்பு ஏறினா அசதி, அசதி வந்தா மனசு இன்னும் கீழ போகும். உடம்புக்குள்ள ரெண்டும் எப்படிப் பேசிக்குதுன்னு இன்னும் முழுசாத் தெரியல, ஆராய்ச்சி நடந்துட்டிருக்கு. "அதனால எது முதல்ல வந்துச்சுன்னு உங்களை நீங்களே குத்தவாளிக் கூண்டுல ஏத்தாதீங்க. ரெண்டுக்கும் சேத்துத்தான் வைத்தியம்."

பெரியம்மா மூக்கைத் துடைச்சிட்டே கேட்டுட்டிருந்தாங்க. திடீர்னு நிமிந்தாங்க. "ரெண்டு பிரேக்குக்கும் ஒரே கம்பி"ன்னாங்க.

டாக்டரம்மாவுக்குப் புரியல.

"எங்க கார்ல இந்தப் பக்கம் மிதிச்சா அந்தப் பக்கமும் இறங்கும் டாக்டர். யாரு மிதிச்சதுன்னு வெளியில இருந்து பாக்கறவனுக்குத் தெரியாது. வண்டி நின்னுடும், அவ்வளவுதான்." கொஞ்சம் யோசிச்சாங்க. "அப்ப, இந்தப் பக்கம் காலை எடுத்தாலும் அந்தப் பக்கம் மேல வரும்."

பத்தொம்பது வருஷ சர்வீஸ். எங்க யாருக்கும் அப்படிச் சொல்லத் தோணியிருக்காது.

ஃபாரத்தை நீட்டினாங்க. டாக்டரம்மா கையெழுத்துப் போடல. "லிவருக்காக உங்களை அந்த சீட்ல இருந்து நான் எறக்க மாட்டேன். ஆனா மணலைப் பாத்தும் எந்திரிக்காத காலை நம்பி ஏத்தவும் மாட்டேன். ஆறு வாரம் கழிச்சு வாங்க." ஸ்கூல் ஓனரும் அதையேதான் சொன்னார். ஆறு வாரத்துக்கு வேற ஆளை வெச்சு ஓட்டிக்கறேன், அதுக்கு மேல தள்ள முடியாது, புது ஆள் போட்டுடுவேன்னுட்டார். அதனால இந்த ஆறு வாரம்தான் எல்லாம்.

நடந்தாங்க. டெய்லர் கூடத்தான். அவர் நடையிலயும் ஒரு தையல் இருக்கு, டக்டக் டக்டக்னு, அதைப் பிடிச்சிட்டே இவங்களும் போவாங்க. பெரியப்பா அந்த லேமினேட் பண்ணின மளிகை லிஸ்ட்ல பிஸ்கட், ஜாம், குளிர்பானம் எல்லாத்து மேலயும் கறுப்பு டேப் ஒட்டினார். மனநல ஆலோசகர்கிட்டப் போகணும்னதும், "எனக்கென்ன பைத்தியமா?"ன்னு மூணு நாள் முறுக்கிட்டிருந்தாங்க. நாலாவது நாள் போயிட்டு வந்து சொன்னாங்க, "சின்னப் பொண்ணுடி. ஒரு மணி நேரம் நான் பாட்டுக்குப் போயிட்டே இருந்தேன், அவ ஒரு தடவை கூடப் பிரேக் போடல."

எல்லா நாளும் அப்படின்னு சொல்ல மாட்டேன். மூணாவது வாரம் ரெண்டு நாள் பழையபடி சுவரு. ஒரு நாள் பழைய ஸ்டூடண்ட் ஒருத்தர் வீட்டுக்கே ஆறு கிரீம் பன் கொண்டுவந்துட்டார். சமையல் ரூம் கதவை மூடிட்டு நாலு தின்னுட்டு, மீதி ரெண்டைத் தூக்கிட்டு எங்க முன்னாடி வந்து நின்னாங்க. "நாலு போச்சு. ரெண்டைக் காப்பாத்திட்டேன்." பெரியப்பா ஒன்னு, நான் ஒன்னு எடுத்துக்கிட்டோம். அப்பத்தான் பெரியப்பா சொன்னார், "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும். அந்த ஸ்கேன் மெஷினுக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு." நான் பன்னைக் கீழ வெச்சிட்டேன், இப்ப போய் இப்படிச் சொல்றாரேன்னு. பெரியம்மா அவர் முதுகுல ஒன்னு வெச்சாங்க. வெச்சிட்டுச் சிரிச்சாங்க. வயித்தைப் பிடிச்சிட்டு, சுவத்துல சாஞ்சுட்டு. அந்த சுவத்துக்கு அதுதான் நல்ல காலம்.

ஆறு வாரம் முடிஞ்சு டாக்டரம்மா எடை பாத்தாங்க, நாலு கிலோ கம்மி. ரத்தம் கொஞ்சம் தேறியிருக்கு. ஸ்கேன் இன்னும் சில மாசம் கழிச்சுத்தான். நடையையும் ஆலோசகரையும் விடக் கூடாதுன்னாங்க. அப்புறம் கேட்டாங்க, "மணல் வந்தா?"

"வரட்டும்"னாங்க பெரியம்மா.

கையெழுத்து விழுந்துச்சு. பெரியப்பா கை அந்த ஃபாரத்தைப் பாத்து நீளுது. பெரியம்மா வெடுக்குனு இழுத்துக்கிட்டாங்க. "தொட்டீங்க, தெரியும். இது ஸ்கூல்ல குடுக்கணும், அவங்க முத்திரை குத்தணும். இது மூச்சு விடட்டும்."

திரும்ப வர்றப்ப டெய்லர் தன்னோட சொந்தக் கார்ல கூட்டிட்டு வந்தார். உறையோட பித்தானை ஒவ்வொன்னா அவுத்து, மடிச்சு, டிக்கியில வெச்சு. பெரியப்பா முன்னாடி, நானும் பெரியம்மாவும் பின்னாடி. சந்தோஷத்துல டெய்லர் கால் பழையபடி தையல் போட ஆரம்பிச்சிடுச்சு. கார் குதிச்சுக் குதிச்சுப் போகுது. சிக்னல் மஞ்சளாச்சு. டெய்லர் போலாமா நிக்கலாமான்னு யோசிக்கறார்.

பெரியப்பா சீட்டுக்குப் பின்னால ஒரு மிதி விழுந்துச்சு பாருங்க, மனுஷன் கண்ணாடி கழண்டு மடியில வந்து விழுந்துச்சு.

"யாரு அது உதைக்கறது?"னார் பெரியப்பா, திரும்பாமலே. குரல்ல அப்படி ஒரு சந்தோஷம்.

"தப்பிச்சீங்க"ன்னாங்க பெரியம்மா.